பிள்ளைகளுக்கு வெப்பம்: கடலூர் மே மாத வெயிலில் எந்தச் சோதனை நிற்கும், எது கவிழும்?

#1 | மஞ்சக்குப்பம்_டீச்சர்

மே முதல் வாரம் வெப்பம் பற்றி ஒரு பட்டறை, 6 முதல் 8 வகுப்பு வரை 30 பிள்ளைகள், காலை 9:30 முதல் 1 மணி வரை. இடம் கடலூரில் ஒரு மாடி ஹால், ஏசி கிடையாது, மேலே திறந்த மொட்டை மாடி உண்டு. கையில் இருப்பது சிவப்பு ஆல்கஹால் தெர்மாமீட்டர் 6 (மைனஸ் 10 முதல் 110 வரை), மெழுகுவர்த்தி, ஐஸ், தெர்மகோல் கப்.

முன்னோட்டத்தில் இரண்டு சோதனை ஊத்திக்கொண்டது.

ஒன்று, "இரும்பைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும், மரத்தைத் தொட்டால் இருக்காது." இரண்டுமே ஒன்றுபோலத்தான் இருந்தன.

இரண்டு, மண்பானை. 34 டிகிரித் தண்ணீர் நான்கு மணி நேரத்தில் 30-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் "ஃபிரிட்ஜ் மாதிரி ஆகும்" என்று காத்திருந்தால் ஏமாந்து போவார்கள்.

என்ன தப்பு? வேறு எதைச் செய்யலாம்?

#2 | கெடிலக்கரை

தப்பு உங்களிடம் இல்லை டீச்சர். அந்தத் தொட்டுப் பார்க்கும் சோதனை குளிர் நாட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. அங்கே அறை 18, 20 டிகிரி. நம் விரல்தோல் 33 பக்கம். விரலிலிருந்து இரும்புக்குச் சூடு ஓடும், ஓடுவதைத்தான் "ஜில்" என்று உணர்கிறோம். மே மாதக் கடலூர் ஹாலில் இரும்பே 34. விரலுக்கும் இரும்புக்கும் வித்தியாசமே இல்லாதபோது எது எங்கே ஓடும்?

சோதனையைத் தூக்கி எறிய வேண்டாம், இப்படித் திருப்புங்கள். ஒரு கனமான அலுமினியத் தோசைக்கல்லைக் கவிழ்த்து வையுங்கள் (நான்ஸ்டிக் பூச்சு இல்லாதது). பக்கத்தில் சப்பாத்திப் பலகை. ஒரு மணி நேரம் முன்பே இரண்டையும் ஹாலில் வைத்துவிட வேண்டும். பிள்ளைகள் தொட்டுப் பார்த்து "ரெண்டும் ஒரே சூடு" என்று சொல்லட்டும். தெர்மாமீட்டரும் அதையே சொல்லும். பிறகு ஒரே டிரேயில் உறைந்த இரண்டு ஐஸ் கட்டியை ஒரே நேரத்தில் ஒன்றொன்றில் வையுங்கள். அலுமினியத்தில் வைத்தது கண்முன்னே சரிந்து தண்ணீராகும், பலகையில் வைத்தது உட்கார்ந்தே இருக்கும். இரண்டும் ஒரே வெப்பநிலை, ஆனால் சூடு போகும் வேகம் வேறு. குளிர் நாட்டில் விரல் சொல்லும் சேதியை நம்மூரில் ஐஸ் சொல்லும், அவ்வளவுதான்.

கவனிக்க: எவர்சில்வர் தட்டை வைக்காதீர்கள். மெல்லியது, சூட்டைக் கடத்துவதும் குறைவு. பலகையோடு போட்டி சப்பென்று முடியும்.

#3 | ஊசுட்டேரி

பானை விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பானைத் தண்ணீர் எவ்வளவு குளிரும் என்பதை முடிவு செய்வது பானை அல்ல, காற்று. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருந்தால் பானையின் வேர்வை ஆவியாக முடியாது. அந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அதற்குக் கீழே எந்தப் பானையும் இறங்காது, நல்ல பானைகூட அதற்கு ஓரிரு டிகிரி மேலேயே நின்றுவிடும்.

காற்று 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 28 அரை. நீங்கள் 30-க்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள், அதுவே நல்ல பானை. இதே பானையைக் காற்று 40 டிகிரியும் ஈரம் 20 சதவீதமும் உள்ள ஓர் உள்நாட்டு ஊரில் வைத்தால் எல்லை 23-க்குப் போய்விடும். அங்கே "பானைத் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி" என்பார்கள், பொய் இல்லை.

இந்த எல்லையைப் பிள்ளைகளே அளக்கலாம்:

இரண்டு தெர்மாமீட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித்துணியை ஒரே ஒரு சுற்று சுற்றி நூலால் கட்டி, ஹால் சூட்டிலேயே உள்ள தண்ணீரில் நனையுங்கள். டேபிள் ஃபேனை இரண்டின் மேலும் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஈரமானது இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் எல்லை. காய்ந்தது கொஞ்சமும் இறங்காது. "ஃபேன் காற்று குளிர்ச்சியானது" என்ற நினைப்பு அங்கேயே உடையும். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் வேர்வையை ஆவியாக்குகிறது.

இதில் வழக்கமாகச் சொதப்புவது மூன்று. துணியைத் தடிமனாகச் சுற்றுவது. ஐஸ் தண்ணீரில் நனைப்பது (எல்லைக்குக் கீழே இறங்கி, பிறகு ஏறும், பிள்ளைகள் குழம்புவார்கள்). நடுவில் துணி காய்ந்துபோவது.

#4 | மஞ்சக்குப்பம்_டீச்சர்

அருமை. அப்படியானால் பானையைப் பட்டறையிலிருந்து எடுத்துவிடலாமா? இன்னொன்று: பானையில் எவ்வளவு தண்ணீர் குறையும்? எடைத் தராசு ஒன்று கிடைக்கும்.

#5 | ஊசுட்டேரி

எடுக்காதீர்கள். தராசு இருந்தால் பானைதான் அன்றைய கதாநாயகன்.

கணக்கு: 5 லிட்டரை 6 டிகிரி இறக்க 5 × 4.2 × 6 = 126 கிலோ ஜூல் வெளியே போக வேண்டும். 1 கிராம் தண்ணீர் இந்தச் சூட்டில் ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோ ஜூல் எடுத்துக்கொண்டு போகும். ஆக 52 கிராம், அரை டம்ளர் காபி அளவு. ஆனால் தராசில் பார்த்தால் அதைவிட நிறையவே குறைந்திருக்கும். பானை குளிர்ந்த உடனே சுற்றியுள்ள சூடான காற்று உள்ளே சூட்டைத் தள்ள ஆரம்பிக்கும், அதையும் வேர்வைதான் சுமந்து வெளியேற்ற வேண்டும். 30-ல் நின்ற பிறகும் எடை குறைந்துகொண்டே இருப்பதைப் பிள்ளைகள் குறித்து வைக்கட்டும். "சூடு குறையல, ஆனா தண்ணி குறையுதே, ஏன்?" என்று யாராவது கேட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு கமர்கட்.

ஒப்பிட அதே அளவு எவர்சில்வர் குடத்தில் அதே தண்ணீரை வையுங்கள். அது ஹால் சூட்டிலேயே நிற்கும், எடையும் ஏறக்குறைய மாறாது.

#6 | நெல்லித்தோப்பு

பானையின் மேல் ஈரத்துணி சுற்றினால் இன்னும் குளிருமே?

#7 | ஊசுட்டேரி

சீக்கிரம் குளிரும், இன்னும் ஆழமாகக் குளிராது. எல்லை அதே எல்லைதான். ஆனால் பழைய பானைக்குத் துணி உதவும். கடலோர போர் தண்ணீரின் உப்பு நுண்துளையில் படிந்து வெளியே வெள்ளையாகப் பூக்கும், பானை வேர்ப்பது நின்றுபோகும். தேங்காய் நாரால் வெளிப்பக்கம் அழுத்தித் தேய்த்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்தால் ஓரளவு திறக்கும். சோப்பு மட்டும் போடவே கூடாது, மண் குடித்துவிடும்.

#8 | எர்த்_கம்பி

கடத்தலுக்கு மெழுகுச் சொட்டுச் சோதனை வைக்கப்போகிறீர்கள் என்றால் ஸ்பூன்களை வைத்துச் செய்யாதீர்கள். கடைகளில் கிடைக்கும் ஸ்பூன் எல்லாம் எவர்சில்வர். தடிமன் வேறு, நீளம் வேறு, எதை எதோடு ஒப்பிடுவது?

எலக்ட்ரிக்கல் கடையில் 8 கேஜ் எர்த் கம்பி கேளுங்கள். செம்பிலும் இருக்கும், ஜிஐ என்கிற துத்தநாகம் பூசிய இரும்பிலும் இருக்கும். இரண்டும் 4 மி.மீ. தடிமன். அதே தடிமனில் அலுமினியக் கம்பியும் கிடைத்தால் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் 25 செ.மீ. வெட்டி, முனையை அரத்தால் மழுக்கி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குங்கள். ஒரு முனையிலிருந்து 5 செ.மீ. விட்டு, அதன்பின் 3 செ.மீ.க்கு ஒரு மெழுகுச் சொட்டு, ஒவ்வொரு சொட்டிலும் ஒரு குண்டூசி. செங்கல்மேல் மூன்று கம்பியையும் படுக்க வைத்து, முனைகள் ஒரே சுடரில் சேருமாறு திருப்புங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலையும். சுடர் சாய்ந்தால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் கம்பிதான் ஜெயிக்கும், உலோகம் அல்ல.

பிள்ளைகளிடம் "செம்புதான் முதல்" என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம். செம்பின் கடத்துதிறன் 400 பக்கம், அலுமினியம் 200-க்குக் கொஞ்சம் மேலே, சாதா இரும்பு 50-க்கு மேல் கீழ், எவர்சில்வர் வெறும் 15. (வாட், மீட்டர், கெல்வின் அலகில். பிள்ளைகளுக்கு அலகு வேண்டாம்.) எண்ணைப் பார்த்தால் செம்பு அலுமினியத்தை இரண்டு மடங்கு முந்த வேண்டும். ஊசி விழுவதைப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டக் கூடவே ஓடும். காரணம், முதலில் கம்பியே சூடாக வேண்டும். அதே பருமன் அலுமினியத்தைச் சூடாக்கக் குறைந்த வெப்பம் போதும், அதனால் அது ஈடுகொடுக்கிறது. இரும்பு மட்டும் தெளிவாகப் பின்தங்கும்.

இதிலிருந்து அடுப்பங்கரைக்குப் போங்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்கு அடியில் செம்பு ஏன் பூசுகிறார்கள்? சுடர் படும் இடத்தில் மட்டும் பால் அடிப்பிடிக்காமல் சூட்டைப் பரப்பத்தான்.

#9 | சாவடி_சாந்தம்

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லையே. சுடர் ஒன்றுக்கு ஒரு பெரியவர். பாவாடை, துப்பட்டா, நீளத் தலைமுடி எல்லாம் கட்டிய பிறகே தீப்பெட்டி. பிள்ளைகள் கையில் கொடுக்கும் வெந்நீர் 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம். 60 டிகிரித் தண்ணீர் சில நொடியிலேயே தோலைப் பொசுக்கும். சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பேஸ்ட், பேனா மை, ஐஸ், மாவு எதுவும் தடவக் கூடாது.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைச் சோதனைக்கு எடுக்கவே கூடாது. அது 42 வரைதான், வெந்நீரில் வெடிக்கும். பாதரசம் உள்ளது என்றால் பட்டறையே அன்றோடு முடிந்தது.

#10 | கெடிலக்கரை

ஐஸ் இருப்பதால் இதைச் சேருங்கள். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்டும் சோதனை கிடையாது.

இரண்டு தெர்மகோல் கப். இரண்டிலும் 400 மி.லி. தண்ணீர், 32 டிகிரி. முதல் கப்பில் 100 கிராம் ஐஸ். இரண்டாவதில் 100 கிராம் ஐஸ் தண்ணீர், அதாவது ஐஸ் மிதந்துகொண்டிருக்கும் பாத்திரத்திலிருந்து வடிகட்டிய 0 டிகிரித் தண்ணீர். இரண்டுமே பூஜ்யம், இரண்டுமே 100 கிராம். எந்தக் கப் அதிகம் குளிரும் என்று முதலில் கை தூக்கச் சொல்லுங்கள்.

கணக்குப்படி தண்ணீர் ஊற்றிய கப் 25.6-ல் நிற்கும். ஐஸ் போட்ட கப் 10-க்குக் கீழே போகும். நடைமுறையில் 11, 12 வரும், கப்பும் காற்றும் கொஞ்சம் கொடுக்கும். ஐஸ் உருகுவதற்கு மட்டுமே 1 கிராமுக்கு 334 ஜூல் குடிக்கிறது. அதே 1 கிராம் தண்ணீரை 0-விலிருந்து ஏறக்குறைய 80-க்கு ஏற்ற அவ்வளவும் போதும். குடிக்கும்போது தெர்மாமீட்டர் அசையாது, அதனால்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

நுணுக்கம்: ஐஸை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே போடாதீர்கள், அது மைனஸில் இருக்கும். பத்து நிமிடம் வெளியே வைத்து மேலே ஈரம் மினுங்கும்போது துணியால் ஒற்றி எடைபோடுங்கள். ஒற்றாவிட்டால் ஒட்டியிருக்கும் தண்ணீரையும் ஐஸ் என்று கணக்கெழுதுவீர்கள்.

#11 | நெல்லித்தோப்பு

நம் மாவட்டத்துக்குள்ளேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது, நெய்வேலி. அந்தப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். 1 கிலோவை எரித்தால் அதில் உள்ள அரை கிலோ தண்ணீரை முதலில் ஆவியாக்க வேண்டும், அதற்கே 1.2 மெகா ஜூல் போய்விடும். ஈர விறகு ஏன் புகைகிறது என்று கேட்டுவிட்டு இதைச் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

#12 | மஞ்சக்குப்பம்_டீச்சர்

ஒரு சங்கடமான கேள்வி வரும், பதில் வேண்டும். "பப்பாளி சூடு, மோர் குளிர்ச்சி" என்று வீட்டில் சொல்கிறார்களே, தெர்மாமீட்டர் வைத்தால் இரண்டும் ஒன்றாக இருக்கிறதே என்பார்கள்.

#13 | சாவடி_சாந்தம்

வைத்துக் காட்டுங்கள், ஒன்றாகத்தான் இருக்கும். "இந்தச் சூடு வேறு சொல், உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு வைத்தியத்தில் வைத்த பெயர், இன்றைக்கு நாம் பேசும் சூடு தெர்மாமீட்டர் காட்டுவது மட்டும்" என்று சொல்லி நகருங்கள். பாட்டியைப் பொய்யாக்கப் போகாதீர்கள், பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சண்டை போடும்.

#14 | துறைமுகத்_திட்டு

கடலூரில் வைத்துக்கொண்டு கடற்காற்றைச் சொல்லாமல் விட்டால் எப்படி? மொட்டை மாடி இருக்கிறதே.

ஒரே மாதிரி இரண்டு டிரே. ஒன்றில் காய்ந்த மணல், ஒன்றில் தண்ணீர், இரண்டும் 3 செ.மீ. ஆழம். முதல் நாளே நிழலில் வைத்து ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். 10:30-க்கு வெயிலில் வைத்து, தெர்மாமீட்டர் குமிழை 1 செ.மீ. ஆழத்தில் புதைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். மணல் எகிறும், தண்ணீர் மெல்ல ஏறும். குமிழின் மேல் நேராக வெயில் படாமல் ஓர் அட்டைத் துண்டு நிழலாக இருக்கட்டும், இல்லையென்றால் நீங்கள் அளப்பது மணலை அல்ல, தெர்மாமீட்டரை. சில்வர் பீச்சிலிருந்து மணல் எடுத்தால் இரண்டு நாள் காயவைத்த பிறகே. ஈர மணல் தண்ணீர் மாதிரியே நடந்துகொள்ளும்.

கூடவே மாடியில் ஊதுபத்தி ஒன்று கொளுத்தி வையுங்கள். காலையில் மேல்காற்று (மேற்கிலிருந்து வீசுவது), புகை கடலைப் பார்த்துச் சாயும். தரை சூடேறி அதன் மேல் உள்ள காற்று எழும்பிய பிறகு கடல் பக்கமிருந்து காற்று உள்ளே வரும், புகை திரும்பும். திரும்பிய நேரத்தைப் பிள்ளைகள் எழுதட்டும்.

#15 | கெடிலக்கரை

நல்ல சோதனை, இரண்டு திருத்தம். மணலின் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு டிகிரி ஏற்ற வேண்டிய வெப்பம்) தண்ணீரில் ஐந்தில் ஒன்று என்று புத்தகத்தில் இருப்பது கிலோவுக்குக் கிலோ. நீங்கள் சொல்வது ஒரே ஆழம், ஒரே டிரே. மணல் கனமானது என்பதால் வித்தியாசம் சுமார் மூன்று மடங்குதான். மீதியைத் தண்ணீர் வேறு வழியில் சம்பாதிக்கிறது: வெயில் ஆழமாக உள்ளே போகிறது, மேற்பரப்பில் ஆவியாகிறது. கடலில் இதோடு அலையும் கலக்கும்.

அடுத்தது, புகை 1 மணிக்குள் திரும்பும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று மதியம் தாண்டியும் உள்ளே வர முடியாது. கடலோரத்தில் 40 தொடும் நாட்கள் அவைதான்.

#16 | ஊசுட்டேரி

அந்த நாளில்தான் பானை ஜெயிக்கும்! மேல்காற்று காய்ந்த காற்று. 40 டிகிரி, ஈரம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 26. கடற்காற்று வந்ததும் காற்று குளிரும், ஆனால் ஈரம் ஏறும், பானை படுத்துவிடும். பானை எடை, ஈரத்துணி தெர்மாமீட்டர், ஊதுபத்தி மூன்றையும் ஒரே தாளில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள் டீச்சர். புகை திரும்பிய வரிக்குப் பிறகு இரண்டு தெர்மாமீட்டருக்கும் இடைவெளி சுருங்குவது தாளிலேயே தெரியும்.

#17 | துறைமுகத்_திட்டு

திருத்தம் சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

சலனத்துக்கு, அதாவது தண்ணீரே நகர்ந்து சூட்டைச் சுமப்பதற்கு, ஒன்று. பீட்ரூட் சாறு கலந்து ஐஸ் உறைய வையுங்கள். கண்ணாடி டம்ளரில் சாதாத் தண்ணீரில் போட்டால், உருகும் சிவப்புத் தண்ணீர் நூல்நூலாகக் கீழே இறங்கும். குளிர்ந்தது கனமானது. இன்னொரு டம்ளரில் 200 மி.லி.க்கு 3 தேக்கரண்டி உப்பு கரைத்துப் போடுங்கள். சிவப்பு மேலேயே மிதக்கும், ஐஸும் மெதுவாகத்தான் உருகும். "உப்பு போட்டா ஐஸ் சீக்கிரம் உருகும்" என்று ஐஸ் வண்டியைப் பார்த்துத் தெரிந்துவைத்திருப்பவர்கள் கண்டிப்பாகத் தோற்பார்கள். இங்கே உருகிய நல்ல தண்ணீர் லேசானது, மேலே தங்கி ஐஸைச் சுற்றிக் குளிர்ந்த போர்வையாக இருக்கிறது. கீழே உள்ள சூடான உப்புத் தண்ணீர் ஐஸை வந்து தொடுவதே இல்லை. கலக்கிவிட்டால் எல்லாம் போச்சு, யாரும் டம்ளரை ஆட்டக் கூடாது.

துறைமுகத்து மீன் ஐஸ் வாங்கினால் சோதனைக்கு மட்டும். யாரும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#18 | நெல்லித்தோப்பு

கதிர்வீச்சுக்குக் கருப்பு டப்பா, வெள்ளை டப்பா இருக்கவே இருக்கிறது.

#19 | எர்த்_கம்பி

பாதிதான் சரியாக வரும். வெயிலில் வைத்தால் கருப்பு ஜெயிக்கும், சந்தேகமில்லை. புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் "வெந்நீர் ஊற்றி நிழலில் ஆறவிட்டால் கருப்பு சீக்கிரம் ஆறும், வெள்ளை மெதுவாக" என்று போட்டிருப்பார்கள். பெயின்ட் அடித்த டப்பாக்களில் அது வராது, இரண்டும் கூடவே ஆறும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் பெயின்ட், வெந்நீர் வெளியிடும் அகச்சிவப்புக் கதிருக்குக் கருப்புதான். மூன்றாவதாகப் பெயின்ட் அடிக்காத பளபள டப்பா ஒன்று வையுங்கள், அதுதான் மெதுவாக ஆறும். ஃபிளாஸ்க் உள்ளே ஏன் கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்பதற்குப் பதிலும் அதுவே. மூடி போட மறக்காதீர்கள், திறந்த டப்பாவில் ஆவியாதல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

அகச்சிவப்புத் துப்பாக்கித் தெர்மாமீட்டரை யாராவது கொண்டுவந்தால், பளபள டப்பாவைப் பார்த்து அது தப்பாகச் சொல்லும். ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அந்த இடத்தைக் குறிவையுங்கள். அதன் சிவப்பு லேசரைக் கண்ணுக்குக் காட்டக் கூடாது.

#20 | ஊசுட்டேரி

இதற்குப் பிறகு பிள்ளைகளைப் புதுச்சேரிப் பக்கம் அழைத்துவர முடிந்தால் ஆரோவில்லில் சூரியச் சமையலறைக் கூரையில் உள்ள 15 மீட்டர் விட்டக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள். கிண்ணம் அசையாது; சூரியனைத் தொடர்ந்து நகர்வது நடுவில் தொங்கும் ஏற்பிதான். அதில் உண்டாகும் நீராவியில் சமைப்பதற்காக அமைத்தது.

#21 | சாவடி_சாந்தம்

விரிவடைதலை யாராவது எடுத்தால் "தண்டவாளத்தில் இடைவெளி விடுவார்கள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். கெடிலம் பாலத்துப் பக்கம் நின்று பார்த்த பிள்ளை "இல்லையே" என்று சொல்லும். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம்தான் அதிகம். கான்கிரீட் கட்டைகளும் கிளிப்பும் ஜல்லியும் நீள விடாமல் இறுக்கிப் பிடிக்கின்றன, நீள்வதற்கான மூட்டு அந்த நீளத் துண்டின் கடைசியில் மட்டும்.

#22 | மஞ்சக்குப்பம்_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. இப்போதைய வரிசை: 9:30-க்குப் பானையும் குடமும் எடைபோட்டு வைப்பது, இரண்டு தெர்மாமீட்டர், ஊதுபத்தி, பிறகு தோசைக்கல்லும் பலகையும், இரண்டு கப் ஐஸ், 10:30-க்கு மாடியில் மணல் டிரே, கம்பிச் சோதனை, கடைசியில் பீட்ரூட். டப்பாவை 8-ஆம் வகுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். பானை புதிதாக வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

#23 | ஊசுட்டேரி

வில்லியனூர்ப் பக்கம் போனால் கிடைக்கும். வெளியே பெயின்ட்டோ வார்னிஷோ அடிக்காததாக, தட்டினால் கணீரென்று கேட்பதாகப் பாருங்கள். சத்தம் பொத்தென்று இருந்தால் விரிசல். வாங்கி இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி ஊறவிட்டுக் கொட்டுங்கள். மூன்றாம் நாள் வெளிப்பக்கம் முழுக்கச் சீராக ஈரம் பூத்தால் அது உங்கள் பானை. ஒரே இடத்தில் சொட்டினால் அது ஓட்டை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.